எது வெளியே, எது உள்ளே

ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஜிம்மில் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. உடனே இன்னொரு முறை. நூற்றுத் தொண்ணூறு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். நான் மட்டும் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய். வெர்மான்ட்டில் அன்றைக்கு ஊர்க்கூட்டம். ஆல்டர்பரியில் ஓட்டுரிமை உள்ள யாரும் பள்ளிக்கூட ஜிம்முக்கு வந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஊர் விஷயத்தில் கை தூக்கலாம். இந்த வருடம் பதினான்கு தீர்மானங்கள். ஒன்பதாவது என் தலைக்கு வந்தது. ஊரின் சொந்த இணைய வலையை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிடலாமா என்பது கேள்வி.

அந்த வலையை எட்டு வருடமாக நடத்துபவர்கள் நானும் வெஸ்ஸும்தான். முந்நூற்று நாற்பது வீடுகள். மலைமேல் ஒரு கோபுரம், அதன் காலடியில் ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு பெட்டி. கம்பெனி அனுப்பிய கடிதம் பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: நாட்ச் சாலையில் இருக்கும் இருபத்தெட்டு வீடுகளை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஊரில் எங்கேயும் செல்போன் எடுக்காது, போன் பேசுவதுகூட எங்கள் வலை வழியாகத்தான். எங்கள் கோபுரம் போனால் அந்த வீடுகளுக்குப் போன் கிடையாது, இணையம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அந்த இருபத்தெட்டில் ஒரு வீடு நோரீனுடையது. நீதிமன்றங்களில் பதிவான விசாரணைகளை வீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் பிழைப்பு. லைன் இருக்கும்வரை வேலை. அன்றைக்கு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டையின் பாதிக் கையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல."

"லைட்டு கண்ணடிச்சதுக்கா இந்த முழி முழிக்கிற? உன் பெட்டிதான் தானா எழுந்துக்குமே. நாலே நிமிஷம், நாலே நிமிஷம்னு நீதானே ஊர் பூரா பீத்திக்குவ."

நாலு நிமிடம் என்பது பீற்றல் இல்லை, நிஜம். கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமலே நான்கு நிமிடத்தில் பெட்டி எழுந்து, ஊருக்கு லைனைத் திருப்பிக் கொடுத்துவிடும். போன வியாழக்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் போனைப் பார்த்தேன். ஒன்பது பதினாறு. ஒன்பது பதினெட்டு. ஒன்பது இருபத்தொன்று. மூலையில் இருக்க வேண்டிய கோடுகள் இருந்த இடத்தில் ஒரு வெறும் பெருக்கல் குறி. முன் வரிசையில் இரண்டு பேர் தங்கள் போனை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி ஒன்றுதான், ஆனால் அதற்குள் ஐந்து இயந்திரங்கள் குடியிருக்கின்றன. ஊருக்கே வாசலாக நிற்கும் ரௌட்டர் ஒன்று. தொலைபேசிக்கு ஒன்று, வாடிக்கையாளர் கணக்குக்கு ஒன்று, காவலுக்கும் காப்பு நகலுக்கும் ஆளுக்கொரு சின்ன கன்டெய்னர். எதற்கும் தனி உடம்பு கிடையாது, எல்லாம் மென்பொருளில் பிரித்த அறைகள். வெளியுலகத்தோடு பேச நிஜமான நெட்வொர்க் கார்டு ஒன்றே ஒன்று, அதில் கேபிள் சொருக இரண்டு துளை. ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லோருக்கும் முற்றத்தில் ஒரே குழாய் இருக்குமே, அந்த மாதிரி. இதில் அந்த முற்றம்கூட நிஜமில்லை. மென்பொருளாலேயே செய்த ஒரு சுவிட்ச் நடுவில் நின்று, யாருக்கு வந்தது யாருக்குப் போகிறது என்று பங்கு பிரிக்கும்.

பகலில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே படம் பார்க்க உட்காரும்போது அந்தப் பங்கு பிரிப்பதிலேயே பெட்டிக்கு மூச்சு வாங்கும். ஊர் மன்றத்தில் இருக்கும் ஆல்வின் டேட்ரோவுக்கு ஹாக்கி ஆட்டம் நடுவில் நின்றுவிடும். மூன்று மன்றக் கூட்டத்தில் தொடர்ந்து அதைச் சொன்னார். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடுவில் இருக்கும் சுவிட்சைத் தள்ளிவிட்டு, கார்டையே பிடுங்கி ரௌட்டர் கையில் முழுசாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மற்ற நாலும் ரௌட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். வேகம் பிய்த்துக்கொண்டு போகும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். ரௌட்டருக்கு அதுவரை தெரிந்தது சுவிட்ச் காட்டிய கற்பனைத் துளைதான். நிஜக் கார்டோடு முதல் முறை கண் விழிக்கும்போது அந்தப் பழைய துளை இருக்காது, தெரியாத பெயரில் இரண்டு புதுத் துளைகள் இருக்கும். உடனே வேலையை நிறுத்திவிட்டுத் திரையில் கேட்கும்: எது வெளியே, எது உள்ளே? யாராவது பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பதிலைத் தட்ட வேண்டும். ஒரே ஒருமுறை. தட்டும்வரை அது காத்திருக்கும். அதற்குச் சலிப்பே கிடையாது.

வியாழக்கிழமை என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, 'அடுத்த முறை எழும்போது' என்று குறித்து, மாற்றத்தைப் போட்டுவைத்தேன். சனிக்கிழமை கீபோர்டை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், நானே அணைத்து, நானே எழுப்பி, பதிலைத் தட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு. இந்த வருடம் பனி உருகும் சேற்றுக்காலம் முன்னாலேயே வந்துவிட்டது. சனிக்கிழமை மலைச்சாலையில் அச்சு வரைக்கும் சேறு. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. போட்ட மாற்றத்தைச் சமையலறையிலிருந்தே ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் யார் வந்து அணைக்கப் போகிறார்கள் என்ற திமிர். எங்கள் அலுவலகச் சுவரில் என் கையெழுத்திலேயே ஒரு அட்டை தொங்குகிறது: 'பெட்டி பக்கத்தில் கை இல்லாதபோது கார்டைத் தொடாதே.'

கொட்டகையில் ஒரு பேட்டரி இருந்தது. அது போன வருடம் செத்தது. புதிது வேண்டும் என்று கேட்டபோது, ஆடம்பரம் என்று பட்டியலிலிருந்து அடித்தவர் இதே ஆல்வின்.

நான் எழுந்து அடுப்பறைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்காக வந்த அவரைக் குழம்புச் சட்டிகளை வெஸ் அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஏப்ரன் கட்டியிருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னை மதிப்பதாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

"லைன் வரல. நீ மேல போகணும்," என்றேன்.

"பன்னெண்டு நிமிஷம்தானே ஆச்சு. கொஞ்சம் பொறு. தானா வரும்."

"வராது. என் கார்ல பின்னாடி கீபோர்டு இருக்கு, எடுத்துட்டுப் போ. அங்க இருந்ததோட ஒயர எலி கடிச்சிடுச்சு."

வெஸ் கரண்டியை வைத்தான். "கீபோர்டு எதுக்கு?"

நான் கோட்டுப் பையில் கார்ச் சாவியைத் துழாவினேன்.

"லோர்னா. கீபோர்டு எதுக்கு?"

"கார்ட ரௌட்டருக்குக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"என்கிட்ட சொல்லாம."

"சனிக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்."

"ரெண்டு பேரு இருக்கற டிபார்ட்மென்ட்டு. அதுல ஒரு ஆளுக்குச் சொல்ல உனக்கு நாலு நாள் பத்தல." ஏப்ரனை அவிழ்த்து என் தோளில் போட்டான். "அவரைக் குழம்ப அடிபிடிக்காம கிண்டு. அதையாவது ஒழுங்கா பண்ணு."

சாவியை வாங்கி, என் காரிலிருந்து கீபோர்டை எடுத்துக்கொண்டு, ஊர் வண்டியில் போய்விட்டான். சாலை வேலைக்காரர்களின் தலைவர் ஹாலிஸின் வண்டியில் ரேடியோ இருக்கிறது, வெஸ் ஓட்டிப் போன ஊர் வண்டியிலும் ஒன்று இருக்கிறது, கையோடு எடுத்துப்போகும் சின்னதும் ஒன்று. லைன் இல்லாத ஊரில் பேச அது ஒன்றுதான் வழி.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் எங்கேயும் உட்காரவில்லை. அவரையைக் கிண்டினேன். ஜிம்முக்குள் வந்தேன். கூடைப்பந்து வளையத்துக்கு அடியில் நின்றேன். வெளியே போய் ஹாலிஸின் வண்டியைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். நான்காவது தீர்மானம் நூலகம், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அது போனதே என்று எனக்கு எரிச்சல், ஏனென்றால் ஒன்பதாவது இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. ஐந்தாவது, சாலையை மட்டப்படுத்தும் இயந்திரம் புதிதாக வாங்குவது. அதற்கு எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. வாழ்க்கையில் முதல்முறையாக அவர்கள் இன்னும் பேச மாட்டார்களா என்று ஏங்கினேன்.

"லோர்னா," என்றது ஒலிபெருக்கி. கூட்டத் தலைவி ப்ரூடன்ஸ் பாஸ்கம், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். "ஒண்ணு உட்காரு, இல்ல வெளிய போய் நட. உன்னப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

ஜனங்கள் சிரித்தார்கள். நான் வெளியே போனேன்.

பத்தே முக்கால் இருக்கும். ஹாலிஸ் வண்டிக் கதவைத் திறந்து வைத்து, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு டோனட் தின்றுகொண்டிருந்தார். "வண்டி சின்னப் பாலத்துப் பக்கத்துல மாட்டிக்கிச்சாம். நடந்து போறான். பூட்ஸ் ஒண்ணு சேத்துலயே நின்னுடுச்சுன்னு உன்னத் திட்டறான்," என்றார். "நான் பாதிதான் சொன்னேன். மீதிய என் வாயால சொல்ல முடியாது."

பதினொன்று ஐந்துக்கு ரேடியோ கரகரத்தது.

"உள்ள வந்துட்டேன்," என்றது வெஸ்ஸின் குரல். மூச்சு இரைத்தது. "திரையில ஒரே ஒரு கேள்வி நிக்குது. எது வெளியே, எது உள்ளேன்னு. ஒம்பதே காலுலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கு பாவம்."

"துளைங்களோட பேரு ரெண்டு போட்டிருக்கும் பாரு. கடைசில பூஜ்யம் இருக்கறது வெளிய, ஒண்ணு இருக்கறது உள்ள."

"பெட்டிக்குப் பின்னாடி எது பூஜ்யம்? மேலேயா, கீழேயா?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சனிக்கிழமை பார்த்து எழுதிக்கொள்வதாக இருந்தேன்.

"ஒவ்வொரு கேபிளா உருவிப் பாரு. எது உருவினா எந்தப் பேருக்குப் பக்கத்துல 'இறங்கிடுச்சு'ன்னு வருதோ, அதுதான் அது."

"ஒரு கைல டார்ச்சு, ஒரு கைல ரேடியோ. வாயால உருவட்டுமா?"

"ரேடியோவக் கீழ வச்சுட்டு உருவு."

ஜிம்மின் கதவைத் திறந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். எட்டாவது முடிந்துவிட்டதாம். ப்ரூடன்ஸ் என்னைக் கேட்கிறாளாம்.

"வெஸ், என்னக் கூப்பிடறாங்க."

"போ. நான் பாத்துக்கறேன்." பிறகு, "லோர்னா, பேட்டரி இல்லாததாலதான் நின்னுச்சுன்னு கேட்டா சொல்லலாம். அதுவும் பொய்யில்ல. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். என் வாய்லேர்ந்து வராது."

ஹாலிஸ் டோனட்டை மென்றபடி மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

உள்ளே ஆல்வின் டேட்ரோ எழுந்து நின்றிருந்தார். பால் பண்ணைக்காரர், உயரம், கையில் எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசுவார். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிதாக இருக்கும். கெட்டவர் இல்லை.

"தலைவர் அம்மா வழியா கேக்கறேன்," என்றார். எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் நேராகக் கேட்கக் கூடாது. "உங்க போன எல்லாரும் எடுத்துப் பாருங்க. ஒம்பதே காலுலேர்ந்து லைன் இல்ல. ரெண்டு தடவ லைட்டு கண்ணடிச்சது, ஊரே ஊமையாயிடுச்சு. இந்த நேரத்துல நாட்ச் ரோட்டுல யாராவது நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தா யாரக் கூப்பிடுவாங்க? நடத்தத் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துடலாம்னுதான் சொல்றேன்."

நோரீன் பின்னலை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"தலைவர் அம்மா வழியா. நாட்ச் ரோட்டு மேல ஆல்வினுக்கு திடீர்னு இவ்வளவு பாசம் வந்தது சந்தோஷம். வித்துட்டா அங்க நாங்க நெஞ்சப் புடிச்சுக்கிட்டு என்னிக்குமே யாரையும் கூப்பிட முடியாது, அத அவரு சொல்ல மறந்துட்டாரு. இன்னொண்ணும் மறந்துட்டாரு. மலைக் கொட்டகைக்கு ஒரு பேட்டரி கேட்டாங்க. போன வருஷம் இதே ஜிம்முல அத ஆடம்பரம்னு அடிச்சது யாரு? பேட்டரி இருந்திருந்தா லைட்டு கண்ணடிச்சது அந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

யாரோ கை தட்டினார்கள். பிறகு பலர். பின் வரிசையில் ஒருவர் ஆல்வினைப் பார்த்து, "வீட்டுலயும் லைட்ட அடிச்சிட்டியா ஆல்வின், ஆடம்பரம்னு?" என்றார். ஜிம் முழுக்கச் சிரித்தது. ஆல்வினின் கழுத்து சிவந்தது. கூட்டம் எங்கள் பக்கம் சாய்வதை என் உடம்பால் உணர்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆல்வின் உட்காரவில்லை. "தலைவர் அம்மா வழியா லோர்னாவக் கேக்கறேன்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நெஜமா? நான் அடிச்ச பேட்டரியாலதானா?"

கேலி இல்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார், அது அவர் முகத்திலேயே இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகப் போனது. திமிராகக் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

"லோர்னா," என்றாள் ப்ரூடன்ஸ்.

நான் எழுந்தேன். நோரீன் கீழேயிருந்து என் ஸ்வெட்டரின் ஓரத்தை லேசாக இழுத்து, "ஆமான்னு சொல்லிட்டு உட்காருடி," என்று முணுமுணுத்தாள்.

"பேட்டரி இருந்திருந்தா இன்னிக்கு நின்னிருக்காது. அது நெஜம்," என்றேன்.

கை தட்டல் மறுபடி ஆரம்பித்தது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்திருக்கலாம், எனக்கு அதற்கு நேரம் இருந்தது.

"ஆனா பேட்டரி இல்லாம பதினெட்டு தடவ கரண்ட் போயிருக்கு, பதினெட்டு தடவயும் நாலு நிமிஷத்துல தானா வந்திருக்கு. இன்னிக்கு வராததுக்குக் காரணம் நான். வியாழக்கிழமை பெட்டில ஒரு மாத்தம் போட்டேன். பக்கத்துல ஆள் இருந்து பண்ண வேண்டியது. என் வீட்டுச் சமையல் மேசைலேர்ந்து போட்டுட்டு, அப்படியே விட்டுட்டேன். வெஸ்ஸுக்குக்கூடச் சொல்லல. இப்ப அவன் மேல அத சரி பண்ணிட்டிருக்கான். ஆல்வின் மேல தப்பில்ல."

கை தட்டல் நின்ற இடத்தில் ஹீட்டரின் விசிறிச் சத்தம் கேட்டது.

"தலைவர் அம்மா வழியா," என்றார் ஆல்வின். "நெஜத்தச் சொன்னதுக்கு லோர்னாவுக்கு நன்றி. நான் அவள மரியாதையாத்தான் நெனைக்கறேன். ஆனா ஒண்ணு. ஒரே ஆளு அவங்க சமையல் மேசைல உட்கார்ந்து, இன்னொரு ஆளுக்கும் சொல்லாம, ஊரையே நிறுத்திட முடியும்னா அது ஊரோட லைனே இல்ல. லோர்னாவோட லைன். நாம சும்மா சேந்து பணம் கட்டறோம்."

நான் உட்கார்ந்தேன்.

ஏழு பேர் கை தூக்கிச் சீட்டு வாக்குக் கேட்டார்கள். ஏழு பேர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஜனங்கள் வரிசையாகப் போய், மேடைக்குக் கீழே இருந்த மரப்பெட்டியில் மடித்த சீட்டைப் போட்டார்கள். என் கண்ணைப் பார்க்காமல் போனவர்களை நான் எண்ணினேன். பாதியில் விட்டுவிட்டேன். ப்ரூடன்ஸ் பெட்டியின் மூடியைச் சாத்தி, "வாக்கு முடிஞ்சுது," என்று சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, முன் வரிசையில் ஒரு போன் கிணுகிணுத்தது. அடுத்து நாலாவது வரிசையில் ஒன்று. அப்புறம் ஜிம் முழுக்க, கைப்பைகளிலும் கோட்டுப் பைகளிலும், இரண்டரை மணி நேரத்துச் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. வெஸ் எது வெளியே எது உள்ளே என்று கண்டுபிடித்துவிட்டான்.

விற்கலாம் என்று தொண்ணூற்றேழு. கூடாது என்று தொண்ணூற்றிரண்டு. மூன்று பேர் மாற்றிப் போட்டிருந்தால் போதும்.

சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள். அவரைக் குழம்பு அடிபிடித்திருந்தது. என் தோளைத் தட்டிக்கொடுத்தவர்கள் நிறையப் பேர். நேர்மை என்றார்கள், தைரியம் என்றார்கள். அதில் பாதிப் பேர் விற்கலாம் என்று போட்டவர்கள். நோரீனின் நாற்காலியில் கம்பளிச் சட்டை இல்லை, அவளும் இல்லை.

நான் ஹாலிஸின் வண்டியை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன். சின்னப் பாலத்துப் பக்கத்தில் ஊர் வண்டி சாய்ந்து கிடந்தது, அதன் பின்னால் நிறுத்திவிட்டு நடந்தேன். கொட்டகையில் வெஸ் ஒற்றைப் பூட்ஸோடு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். எண்ணிக்கையைச் சொன்னேன்.

"சொல்லிட்டியா, எல்லாத்தையும்?"

"சொல்லிட்டேன்."

தலையை மட்டும் ஆட்டினான். கம்பெனிக்குக் கைமாறுவது ஜூன் முடிவில், அதுவரை வலை எங்கள் பொறுப்பு. "இப்ப ரொம்ப வேகமாத்தான் போகுது," என்றான் திரையைப் பார்த்து. "ஆல்வின் இன்னிக்கு ஹாக்கி நிக்காம பாப்பாரு."

"திருப்பிடலாம்."

"எத?"

"பழையபடி. சுவிட்சயே நடுவுல வச்சுடலாம். எல்லாரும் பங்கு போட்டுக்கட்டும்."

அவன் வாளியிலிருந்து எழுந்து இடம் விட்டான். கார்டை ரௌட்டரிடமிருந்து வாங்கி, மறுபடி பொதுவில் வைத்தேன். ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தேன், அவன் சரி என்றான், பிறகுதான் அடுத்தது. முடிந்ததும் பெட்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவி, பத்து எண்ணி, திரும்பச் சொருகினேன். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். யாரும் எதையும் தொடவில்லை. நான்கு நிமிடம் இரண்டு விநாடி. ஐந்து பச்சை விளக்குகளும் வந்தன.

வெஸ்ஸை அவன் வீட்டில் இறக்கிவிட்டு நாட்ச் சாலையில் திரும்பினேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. லைன் வந்துவிட்டதா என்று கேட்கப் போனதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நோரீன் கதவைத் திறந்தாள். காதொலிப்பான் கழுத்தில் தொங்கியது. உள்ளே திரையில் பாதி அடித்த பக்கம் தெரிந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை.

"லைன் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"ஜூன் வரைக்கும் நிக்காது. நான் பாத்துக்கறேன்."

"ஜூன் வரைக்கும்," என்றாள்.

என் பூட்ஸிலிருந்து சேறு அவள் வாசல் பலகையில் சொட்டியது. நான் கேட்டுவிட்டேன். "பொய் சொல்லியிருக்கணுங்கறியா?"

"யாரு பொய் சொல்லச் சொன்னா? பேட்டரி இல்லங்கறது நெஜம்தானே. அதச் சொன்னீங்க. அதோட உட்கார்ந்திருக்கலாம். மீதிய நாளைக்கு ஆல்வின் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம், அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். உங்களால அவ்வளவு நேரம் அத வச்சுக்கிட்டு இருக்க முடியல. உங்களுக்கு மனசு லேசாச்சு, எனக்கு லைன் போச்சு."

காதொலிப்பானை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வேல இருக்கு," என்று கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்க ஆரம்பித்தது, வேகமாக, நிற்காமல். மனசு லேசாகவில்லை என்று கதவைத் தட்டிச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதுவும் எனக்காகத்தான் சொல்வதாக இருக்கும். வண்டிக்குப் போனேன்.